ஆடியில் காலியான அறை

அந்த ஆடி மாதம் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் இருந்தவர்கள் தாத்தா, அத்தை, அப்பா, அம்மா, சித்தப்பா, நான். இல்லாதவள் சித்தி ஒருத்திதான். வைகாசியில் கல்யாணம் ஆகி வந்தவளை, ஆடி பிறந்ததும் அவளுடைய அண்ணன் ஆட்டோவில் வந்து அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார். புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது என்பது உங்கள் வீடுகளிலும் உள்ள வழக்கம்தான். உங்கள் வீடுகளில் அதனால் ஒன்றும் நடந்திருக்காது. எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாயிற்று.

உங்களில் சிலர் சொந்த அறையில் வளர்ந்தவர்கள். காலேஜில் பேச்சோடு பேச்சாக "என் ரூம்ல இருக்குடா, நாளைக்கு எடுத்தாரேன்" என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். கல்யாணம் ஆகாத ஒரு பையனுக்குக்கூட அறை உண்டு என்பதையே உங்கள் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். இப்போது நம் எல்லாருக்கும் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது, நாமெல்லாம் வாடகை வீடு தேடி ஸ்கூட்டரில் அலைகிறோம். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

எங்கள் வீடு ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, கொல்லையில் குளிக்கிற இடம். இவற்றோடு கதவு வைத்த ஒரே ஒரு அறை. அந்த அறை யாருடையது என்பதில் குழப்பமே கிடையாது. கடைசியாக யாருக்குக் கல்யாணம் ஆனதோ அவர்களுடையது. அப்பாவுக்குக் கல்யாணம் ஆனபோது, பெண்டாட்டியை இழந்த தாத்தா தன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடத்து வாசல் ஓரம் வந்துவிட்டார். சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அப்பாவும் அம்மாவும் நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தோம். வயது ஏற ஏற வாசலை நோக்கி நகர வேண்டியதுதான். தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார்: "எனக்கு அடுத்த எடம் தெருதான்டா."

இந்த வரிசையில் எங்குமே வராத ஆள் அத்தை. அப்பாவுக்கு அக்கா, மூன்று பிள்ளைகளில் மூத்தவள். தாய் இல்லாத வீட்டில் தம்பிகளுக்குப் பொங்கிப் போட்டே வயது முப்பத்தெட்டு ஆகியிருந்தது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. தலையணையில்கூட எலுமிச்சை சோப்பு மணக்கும். தாத்தா உள்ளே இருந்த காலத்திலும் சரி, அப்பா உள்ளே இருந்த காலத்திலும் சரி, அத்தையின் பாய் சமையல்கட்டு நிலைக்கு இந்தப் பக்கம் ஒரே இடத்தில்தான் கிடந்தது. ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அறையை விட்டு வந்ததில் அம்மாவுக்கு உண்டான எரிச்சலைச் சொல்லி மாளாது. அவள் கொண்டுவந்த பீரோ கூடத்தில் வைக்க இடமில்லாமல் உள்ளேயே நின்றுவிட்டது. தன் புடவையை எடுக்க இன்னொருத்தியின் கதவைத் தட்ட வேண்டும். "வாங்கக்கா, வாங்க, எடுத்துக்கங்க" என்று சித்தி நல்லபடியாகத்தான் சொல்வாள். அந்த நல்லபடிதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. சுவருக்குப் புதிதாக ரோஸ் பெயிண்ட் வேறு அடித்திருந்தார்கள். "எனக்கு வந்தப்ப சுண்ணாம்பு. அதுவும் ஒரு கை" என்று அம்மா துணி துவைக்கும்போது கல்லிடம் சொல்வாள்.

இன்னொன்றும் உண்டு. அது அப்போது எனக்குப் புரியவில்லை. எனக்குப் பின் அம்மாவுக்கு ஒன்று கலைந்து, ஒரு வருஷம் போகட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வருஷம் முடிந்தபோது சித்தப்பாவின் கல்யாணம் வந்துவிட்டது. மாமனார் வாசலில், நாத்தனார் சமையல்கட்டு ஓரம், நடுவில் பத்து வயதுப் பையன். கூடத்தில் அதற்கு மேல் என்ன நடக்கும்? எனக்குத் தம்பி தங்கை யாரும் இல்லை.

எனக்கும் என் பங்குக்கு ஓர் எரிச்சல் இருந்தது. அந்த அறைக்குத் தெருப் பக்கம் ஒரு ஜன்னல். அதில் ஏறி உட்கார்ந்தால் எதிர்வீட்டு டிவி தெரியும். சத்தம் கேட்காது, பக்கத்து லேத் பட்டறைச் சத்தம்தான் கேட்கும். யார் என்ன பேசுகிறார்கள் என்று நானே சொல்லிக்கொள்வேன். கூடத்துக்கு வந்ததும் அந்த டிவி போயிற்று. சித்தி அந்த ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்து மாட்டினாள். அவளிடம் எனக்கு அன்பு வராமல் போக அது ஒன்று போதும்.

ஆக, சித்தி ஆட்டோவில் ஏறியபோது வருத்தப்பட்டவர் சித்தப்பா ஒருவர்தான். "ரூமப் பாத்துக்கங்கக்கா" என்றாள் சித்தி.

"அத பத்தி நீ கவலப்படாத. நல்லா பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. அவ்வளவு மனதார அவள் யாரையும் வழியனுப்பி நான் பார்த்ததில்லை.

கல்யாணமான ஆள் தனியாக உள்ளே படுத்துக் கதவைச் சாத்துவது எங்கள் வீட்டில் கேள்விப்படாத காரியம். சித்தப்பா அப்போதே தலையணையைக் கூடத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினார். அம்மா அறையைக் கழுவினாள். எங்கள் பழைய போர்வையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தன் குட்டியானை லோடு வண்டியை எடுக்கப் போகும்போது அவர் காதருகே ஏதோ சொன்னாள். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "இவன் எங்க படுப்பான்?" என்று கேட்டார். "தாத்தா பக்கத்துல படுக்கட்டும், பெரிய பையன் ஆயிட்டான்" என்றாள் அம்மா. காலையில் பல் தேய்க்காததற்கு என்னைச் சின்னக் குழந்தையா என்று திட்டியவள், மத்தியானம் எனக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டாள்.

பிறகு அவள் ரேஷன் கடைக்குப் போனாள். நானும் பை பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா தள்ளிப் பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"யாரு உள்ள?"

"நான்தான்." அத்தையின் குரல். சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை.

"அண்ணியா? இன்னா பண்றீங்க?"

"படுத்திருக்கேன்."

"ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எதுக்கு தாப்பா?"

மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா கொடியில் கிடந்த போர்வையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

சாயங்காலம் அத்தை வெளியே வந்து வழக்கம்போல அரிசி களைந்தாள், குழம்பு வைத்தாள், எல்லாருக்கும் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் தன் பாயையும் எலுமிச்சைத் தலையணையையும் எடுத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. கூடத்தில் நாங்கள் ஐந்து பேரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தாத்தாதான் முதலில் வாயைத் திறந்தார். "தனி ஆளுக்கு எதுக்குடா கதவு?"

"நைனா, ஒரு நாளு படுத்துட்டுப் போவட்டும்" என்றார் அப்பா.

"என் சட்டயெல்லாம் உள்ள இருக்குது" என்றார் சித்தப்பா.

அது ஒரு நாளோடு நிற்கவில்லை. கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் அத்தை நேராக உள்ளே போவாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து சமைப்பாள். சாப்பிட்டதும் மறுபடி உள்ளே. சித்தப்பா காலையில் தன் சட்டைக்காகக் கதவைத் தட்டிவிட்டு நிற்பார். அத்தை கதவை ஒரு கை அளவுக்குத் திறந்து சட்டையை நீட்டுவாள். "ஜெயில்ல சோறு வாங்கறவன் மாதிரி இருக்குதுக்கா" என்பார் அவர். "நீ வெளிய இருக்க. நான்தான உள்ள இருக்கேன்" என்பாள் அத்தை. இரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வராது.

நான் ஒரு நாள் கெஞ்சினேன். "அத்த, ஜன்னல்ல உக்காந்து டிவி பாக்கறேன் அத்த."

"பத்து நிமிசம். அப்புறம் வெளிய போயிடணும்."

"நா சத்தமே போட மாட்டேன். அப்படியே தூங்கிடறேன்."

"அதெல்லாம் கெடயாது. கல்யாணம் ஆனா உனக்குக் குடுப்பாங்க, அப்ப வந்து தூங்கு."

"உனக்கு மட்டும் கல்யாணம் ஆயிடுச்சா?"

அத்தை கோபப்படுவாள் என்று நினைத்தேன். "எனக்கு ஆடியில குடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் திரையை விலக்கினாள். எதிர்வீட்டில் யாரோ யாரையோ அறைந்துகொண்டிருந்தார்கள். சொன்னபடி பத்து நிமிஷத்தில் என் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே விட்டாள். என் மூக்குக்கு முன்னால் தாழ்ப்பாள் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கென்று கடலை மிட்டாய் எடுத்து வைத்திருக்கிற அத்தை அவள். எல்லாருக்கும் பூட்டினாலும் எனக்குத் திறப்பாள் என்று நம்பியிருந்தேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை, எல்லாரும் அந்தக் கதவைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ஆராய்ச்சியில் இறங்கினாள். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அத்தை செல்போனில் யாரோடாவது பேசுகிறாளா என்று கேட்கத்தான். அத்தையின் செல்போன் அந்த நேரமெல்லாம் சமையல்கட்டு அலமாரியில்தான் கிடந்தது என்பது அவளுக்கே தெரியும். "கல்யாணம் ஆவாத பொம்பள யாருக்கு ஒளிஞ்சி தாப்பா போட்டுக்கறா? இந்த வீட்ல அவளுக்கு யாரு இன்னா பண்ணிட்டாங்க?" என்று அப்பாவிடம் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். "தெருப்பக்கம் போயி எதிர்வீட்டு டிவி பாக்கற மாதிரி நின்னுக்கினு நம்ம ஜன்னல் உள்ள பாரு. இன்னா பண்றாங்கன்னு வந்து சொல்லு."

திரை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. அத்தை மல்லாந்து படுத்திருந்தாள். கை இரண்டும் விரிந்து கிடந்தன. நைட்டி முழங்கால்வரை ஏறியிருந்தது. வாய் திறந்திருந்தது, முடி அவிழ்ந்து பாய்க்கு வெளியே கிடந்தது. அவ்வளவுதான். கூடத்தில் அவள் எப்போதும் சுவரைப் பார்த்து, முழங்காலை மடித்து, புடவையைக் குதிகால்வரை இழுத்துவிட்டுத்தான் படுப்பாள். அத்தை அவ்வளவு நீளமானவள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"மல்லாந்து தூங்கறாங்க" என்று வந்து சொன்னேன்.

அம்மா வெங்காயத்தை அப்படியே வைத்தாள். அவள் முகம் மாறியது. இரக்கம் மாதிரியும் இருந்தது, வழி கிடைத்த மாதிரியும் இருந்தது. அப்பா வந்ததும் சொன்னாள்: "நம்மதான் கண்டுக்கல. தம்பி பொண்டாட்டியப் பாத்து அண்ணிக்கு ஏக்கம் வந்துடுச்சி. மனசுல கல்யாண ஆசை. வாய விட்டுக் கேக்கவா முடியும்? அதான் ரூமுல போயி படுத்துக் காட்றாங்க."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தாத்தா தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பல வருஷமாக அந்த வீட்டில் புரியாமல் இருந்த ஏதோ ஒன்று புரிந்துவிட்டது போல மூன்று பேரும் பேசிக்கொண்டார்கள். உள்ளே ஆள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அம்மாவின் தூரத்துச் சொந்தத்தில் வில்லியனூரில் ஒருவர் இருந்தார். மனைவி தவறிவிட்டார். ஸ்கூலில் அட்டெண்டர் வேலை. நாற்பத்தெட்டு வயது, குடி கிடையாது. ஒரே மகன், அவனுக்கும் வைகாசியில்தான் கல்யாணம் முடிந்தது. "ஆவணி பொறக்கட்டும்மா. ஆடியில போயி யாராவது சம்பந்தம் பேசுவாங்களா?" என்றார் தாத்தா. "பேசலாம் இல்ல மாமா. சும்மா வீட்டப் பாத்துட்டு வந்துடறோம்" என்றாள் அம்மா. அவளால் ஆவணிவரை காத்திருக்க முடியவில்லை. அத்தை உள்ளே, சித்தி ஆவணியில் வந்துவிடுவாள். அம்மாவின் ஆடி மாதம் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

அத்தையிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் அரிவாள்மனையில் சுறாவை அரிந்துகொண்டிருந்தாள். வைத்திக்குப்பத்திலிருந்து கூடையில் கொண்டுவரும் மீன்காரியிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்குவோம். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அத்தை சொல்லவில்லை. மீனை மஞ்சள் தண்ணீரில் போட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "அந்த வீட்ல ரூமு இருக்குதா?"

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில், பார்த்தீர்களா நான் சொன்னேனே என்பது இருந்தது.

அப்பாவும் அம்மாவும் வில்லியனூர் போய் வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைக்குமுன்பே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "ரூமு இருக்குது அண்ணி. புது ஃபேன். இரும்புக் கட்டிலு, மெத்த. பாத்ரூமு பக்கத்துலயே. கதவுக்கு மேல ஒரு தாப்பா, கீழ ஒரு தாப்பா."

"ரெண்டா?" என்றாள் அத்தை.

"ரெண்டு. நானே போட்டுப் பாத்தேன்."

அத்தை தலையை ஆட்டினாள். பெண்ணின் சம்மதம் வாங்குவது என்பது எங்கள் வீட்டில் அவ்வளவுதான்.

ஆடி முடிகிற அன்று யாரும் சொல்லாமலே அத்தை அறையைப் பெருக்கித் துடைத்தாள். பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு தன் பழைய இடத்துக்கு வந்தாள். சித்தி வந்து, நடந்ததை அம்மாவின் வாயால் கேட்டு, கட்டில் விரிப்பை இரண்டு தடவை துவைத்துப் போட்டாள். "என் கட்டில்லயா படுத்தாங்க?" என்று சித்தப்பாவிடம் கேட்டது எனக்கே கேட்டது. "கீழ பாயிலதான் படுத்தாங்க" என்றார் அவர். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆவணியில் கோயிலில் வைத்துக் கல்யாணம். அத்தை வெறும் கழுத்தோடு போகக் கூடாது என்று அம்மா தன் தாய் வீட்டுச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். கேட்காமலே கொடுத்தாள். "நாத்தனாருக்கு இப்படி செய்யற பொம்பளய இந்தக் காலத்துல எங்க பாக்கறது" என்று பந்தியில் பேசாதவர்கள் இல்லை. அம்மா அடக்கமாகச் சிரித்துக்கொண்டே சாம்பார் ஊற்றினாள். ஓர் ஆளை வீட்டைவிட்டு அனுப்ப எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. அந்த ஆள் போனாலும் அறை சித்தியுடையதுதான், தனக்கு வராது என்பது எப்படி அவளுக்குத் தோன்றாமல் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பொறாமைக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாதோ என்னவோ.

மூன்றாம் நாள் நாங்கள் எல்லாரும் வில்லியனூருக்கு விருந்துக்குப் போனோம். அத்தையைக் கட்டிய மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நல்ல மனுஷர். என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கூடத்தில் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே அத்தையின் தகரப் பெட்டி இருந்தது. அதன்மேல் சுருட்டிய பாய், பாயின்மேல் எலுமிச்சைத் தலையணை.

அறைக் கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரத்தில் திறந்தது. தலையில் ஈரத் துண்டோடு ஒரு சின்னப் பெண் வெளியே வந்தாள். என் சித்தியைவிடச் சின்னவள். மாமாவின் மருமகள், ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தாள்.

"அத்த, எனக்கும் காப்பி" என்றாள்.

அவள் கேட்டது எங்கள் அத்தையிடம். கல்யாணமாகி மூன்றே நாளில் அத்தை மாமியார் ஆகியிருந்தாள்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். அத்தையின் பின்னாலேயே சமையல்கட்டுக்குப் போனாள். நானும் போனேன். "அண்ணி, ரூமு..." என்று இழுத்தாள்.

அத்தை காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "சின்னஞ்சிறுசுங்க. வைகாசியிலதான கல்யாணம் ஆச்சி. மருமக கூடத்துல கெடக்க, மாமியார் உள்ள போயி படுத்தா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க? இந்த வயசுல உனக்கு எதுக்கு ரூமுன்னு அந்தப் பொண்ணோட அத்தக்காரி கேட்டாங்க. நாயந்தான." அவள் குரலில் கோபம் இல்லை. காப்பிக்குச் சர்க்கரை போடுகிற குரல்தான்.

"உங்க அவரு ஒண்ணும் சொல்லலியா?"

"அவரு வாசப்பக்கம் படுக்கறாரு. காத்து நல்லா வருதாம்."

திரும்பும்போது பஸ் வில்லியனூரைத் தாண்டியதும் சித்தப்பா முன்சீட்டிலிருந்து திரும்பினார். "ஏன் அண்ணி, ஆடியில போயி பாத்தா எல்லா வீட்லயும்தான் ரூமு காலியா இருக்கும். நம்ம வீட்லயே பாத்துக்கினுதான இருந்தீங்க?"

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா "வுடுடா" என்றார். சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்தாளா என்று இத்தனை வருஷம் கழித்தும் அம்மாவுக்குச் சந்தேகம்.

பிறகு எல்லாம் வரிசைப்படி நகர்ந்தது. தாத்தா போய்ச் சேர்ந்தார். சித்தப்பாவும் சித்தியும் இரண்டு பிள்ளைகளோடு லாஸ்பேட்டையில் தனிக்குடித்தனம் போனார்கள். அறை அம்மாவிடம் திரும்பி வந்தது. ஆனால் அப்பா அதற்குள் வாசல் ஓரத்துக்குப் பழகிவிட்டார். "உள்ள புழுக்கமா இருக்குது, நீ படு" என்று சொல்லிவிட்டார். ரோஸ் பெயிண்ட் உதிர்ந்த அறையில் அம்மா கதவைத் திறந்து வைத்தே படுத்தாள். எதற்காக அவ்வளவு ஆசைப்பட்டாளோ, அதற்கெல்லாம் வயது தாண்டிவிட்டிருந்தது.

அம்மாவின் சங்கிலி வில்லியனூரில் மாமா மகனின் வண்டிக்காக அடகுக்குப் போனது, திரும்பவில்லை. மாமா இந்த வருஷம் தவறிப்போனார். காரியம் முடிந்ததும் மகன் அத்தையிடம், "எங்கயும் போவாத சித்தி. கூடத்துல இம்மாம் எடம் இருக்குது" என்றான். மனதோடுதான் சொன்னான். அத்தை தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தபோது வீட்டில் பெயிண்டர் இருந்தார். வருகிற தையில் எனக்குக் கல்யாணம். அம்மா தன் சாமான்களை எல்லாம் முன்னதாகவே கூடத்துக்கு எடுத்து வைத்திருந்தாள்.

"என் பக்கத்துல படுத்துக்கங்க அண்ணி" என்றாள் அம்மா.

அத்தை என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவன். எனக்கு ஒரு ரூமு பாத்துக் குடு. வாடக நான் குடுத்துக்கறேன்." சோப்புக் கம்பெனி அவளை இன்னும் வேலையில் வைத்திருந்தது.

ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. எனக்கும் வரப்போகிறவளுக்கும் என்று கேட்டிருந்தால் மரியாதையாகக் காட்டியிருப்பார்கள். அத்தைக்கு என்றதும் எல்லா இடத்திலும் ஒரே பேச்சு.

"எத்தினி பேரு?"

"ஒரு ஆளு."

"பொம்பளயா? புருசன் இல்லயா? புள்ளைங்க? நீ யாரு, தம்பி மவனா? அப்ப உங்க வீட்லயே ஒரு மூலையில இருக்கட்டுமேப்பா. ஒத்த ஆளுக்கு எதுக்கு வீடு?"

கடைசியில் ஒரு மதாம் வீடு கிடைத்தது, பிரெஞ்சுக் குடியுரிமைக்காரப் பெண்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். எழுபது வயதுக்காரர். கணவர் பிரான்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், இப்போது இல்லை. பிள்ளைகள் பாரிஸில். வீட்டில் நான்கு அறைகள், அதில் இரண்டு மாடியில். எங்கள் அத்தையை மேலும் கீழும் பார்த்தார்.

"தனியாத்தான் இருப்பியா?"

"ஆமாங்க மதாம்."

"நானும் தனிதான். நாலு ரூமு இருக்குது. நான் எதுல படுக்கறேன் தெரியுமா? ஹால்ல. தெருக்கதவு பக்கத்துல. ரூமுக்குள்ள செத்துக் கெடந்தா யாருக்குத் தெரியும்?"

"நான் தாப்பா போட்டுப்பேங்க" என்றாள் அத்தை.

மதாம் சிரித்தார். "போட்டுக்கோ, போட்டுக்கோ. காலையில திறந்து, ஒரு வணக்கம், ஒரு பொன்ழூர் சொல்லிட்டுப் போ, போதும்."

அத்தை குடிபோன அடுத்த ஞாயிறு அம்மாவை அழைத்துப் போனேன். மாடி அறை. வேப்பமரம் தெரிகிற ஜன்னல், ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு. அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். சாய்ந்தாள். சிறிது நேரத்தில் அத்தை, "சும்மா படு, நான் கறி வாங்கினு வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அம்மா என்னையும் பார்த்து, "நீயும் கூடப் போடா" என்றாள். நான் வெளியே வந்ததும் எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

அத்தை கறி வாங்கி, குழம்புக்கு எல்லாம் அரைக்க மதாமின் மிக்ஸியைக் கேட்டு வாங்கி, அரைத்து முடித்தும் கதவு திறக்கவில்லை. அத்தை மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "தட்டாத. தூங்கட்டும்" என்றாள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று மதாமிடம் கேட்டாள். அவள் குரல் அண்ணியிடம் பேசுகிற குரலாக இல்லை, எனக்குச் சித்தியை ஆட்டோ ஏற்றிவிட்ட ஆடி மாதத்துக் குரல் ஞாபகம் வந்தது. "மாடியில இன்னொரு ரூமு சும்மாத்தான இருக்குது?"

"சும்மாத்தான் இருக்குது. யாருக்கு?"

"அண்ணிக்கு அடிக்கடி தல சுத்துது. பக்கத்துல ஆளு இருந்தா நல்லது."

அத்தைக்குத் தலை சுற்றுவது அத்தைக்கே அப்போதுதான் தெரியும். அம்மா ராத்திரி அங்கே படுக்கப் போகிறாள் என்று வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர், "போவட்டும்டா. பகல்ல வந்துடுவா இல்ல?" என்றார்.

வந்துவிடுகிறாள். காலையில் வந்து சமைத்து, பெயிண்டரோடு சண்டை போட்டு, சாயங்காலம் தலைவாரிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் அண்ணிக்குத் துணை என்கிறாள். அத்தை தன் வாடகையைத் தானே கொடுக்கிறாள். அம்மாவுடையதை நான் கொடுக்கிறேன். ஓர் அறை மூவாயிரத்து ஐந்நூறு. இரண்டுக்கும் சேர்த்து மாதம் ஏழாயிரம், கரண்ட் பில் தனி.